நின்றபடி தரை மினுக்கும் கட்டை

1911 மார்ச் 6, திங்கள்

இது துரையுடைய போன வருஷத்து டயரி. அங்கொன்றும் இங்கொன்றுமாக மழை அளவு எழுதியதோடு சரி. அடுப்பு மூட்டச் சொல்லிக் கொடுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை படித்தவன் நல்ல காகிதத்தை அடுப்பில் வைப்பானா? அச்சடித்த கிழமை ஒரு நாள் பின்தங்கி நிற்கிறது. அதை நானே திருத்தி எழுதிக்கொள்கிறேன்.

இன்று காலை ஹாலுக்கு மெழுகு தேய்த்துவிட்டு எழுந்தபோது என் வலது முட்டி மளுக்கென்று சத்தம் போட்டது. துரைசாணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எது உடைந்தது என்று கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. முட்டியைத் தொட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

இந்த ஹாலிஎலைத் தோட்டத்துப் பங்களாவில் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் அப்பு, தலைமை வேலைக்காரன். சமையல்காரன், தோட்டக்காரன், தண்ணீர் தூக்குகிறவன் எல்லாரும் எனக்குக் கீழே. இதற்கு முன்னிருந்த இரண்டு துரைமாரும் தனிக்கட்டைகள். தரை எந்த நிறம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்தத் துரை ஜனவரியில் சீமையிலிருந்து பெண்சாதியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் வந்த அன்றே பியானோவுக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, விரலை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு ஏழரை.

மார்ச் 8

துரை கூப்பிட்டார். துரைசாணி பக்கத்தில் நின்றார். அவர் சொல்வதைத் துரை தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“அப்பு, ஏப்ரல் இருபது பெரிய தொரை கொழும்புலே இருந்து வருது. அவர் தொரைசாணியும் வருது. தரை கண்ணாடி மாதிரி வேணும். இல்லே, கொழும்பு அப்பு வரும். நீ மலைக்குப் போ.”

மலைக்கா? நானா? வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் போட்ட சிவஞானம் மம்பட்டி பிடிப்பதா? தேயிலையைக் கோப்பையில் பார்க்கிறவன் நான். அதைச் செடியில் பார்த்தே பல வருஷமாகிறது. பங்களாவுக்குப் பின்னால் எனக்கிருக்கும் அறையும் போய்விடும். கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத்தான் போக வேண்டும்.

மார்ச் 9

எனக்கு முன்னே செய்தி லயத்துக்குப் போய்விட்டது. என் மச்சான் அழகர், என் பெண்சாதி வேலாயிக்கு மூத்தவன், அங்கே கங்காணி. நான் மலைக்குப் போனால் அவன் கையின் கீழ்தான் வேலை. இத்தனை வருஷமாக அவன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் கோட்டுப் போட்டுக்கொண்டு போய், தனி நாற்காலி கேட்டு உட்கார்ந்தவன் நான். சாயங்காலம் வேலை மெனக்கெட்டு வந்து வாசலில் நின்றான்.

“மச்சான், நல்ல மம்பட்டியா ஒன்னு பாத்து எடுத்து வச்சிருக்கேன். பிடி வழவழன்னு இருக்கும். ஒங்க கை தாங்காதுல்ல, அதான்.”

உள்ளே வேலாயி சிரிக்கிற சத்தம் கேட்டது. கட்டிய பெண்சாதி!

மார்ச் 11

தோட்டத்து மருந்துக்காரரிடம் முட்டியைக் காட்டினேன். ஏதோ எண்ணெய் கொடுத்து, இனிமேல் மண்டி போடக்கூடாது என்றார். மண்டி போடாமல் பங்களாவில் என்ன வேலை இருக்கிறது?

மார்ச் 12, ஞாயிறு

யோசனை வந்துவிட்டது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

மத்தியானம் ஹாலில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். நீளக் கம்பின் நுனியில் துணி. நான் தரையில் நிற்கிறேன், ஒட்டடை கூரையில் இருக்கிறது. அதை அடிக்க நான் கூரைக்கு ஏறிப் போகவில்லையே. அப்படியென்றால் தரையைத் தேய்க்க மட்டும் ஏன் தரைக்கு இறங்கிப் போக வேண்டும்? மேலே போகிற கம்பு கீழே வராதா? இருபத்திரண்டு வருஷமாக ஒரு கையில் ஒட்டடைக் கம்பும் இன்னொரு கையில் மெழுகுத் துணியும் வைத்திருந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

மார்ச் 14

முதல் கட்டை. கொய்யாக் கம்பில் பாதித் தேங்காய் மட்டையை வைத்து ஆணி அடித்தேன். துரை மலைக்குப் போனதும் ஹாலில் ஓட்டிப் பார்த்தேன். மட்டை அருமையாக ஓடியது. ஆணியும் கூடவே ஓடியது. ஜன்னலிலிருந்து பியானோ வரைக்கும் தரைப் பலகையில் ஒரே கோடு.

புலித்தோல் விரிப்பை இழுத்து அதன்மேல் போட்டிருக்கிறேன்.

மார்ச் 15

துரைசாணி புலித்தோலைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னார். மாற்றினேன். அவர் குளிக்கப் போனதும் திரும்ப இழுத்தேன்.

மார்ச் 16

புலித்தோலை இன்று மூன்று தடவை இழுத்தாயிற்று. மெழுகில் கொஞ்சம் செங்கல் பொடி குழைத்துக் கோட்டில் அடைத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்கிற அம்மாள்தான் வந்து வாய்த்திருக்கிறார்.

மார்ச் 19

மட்டை வேண்டாம். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு முழ நீளம் அறுத்து, சுற்றிலும் துணி கட்டி, நடுவில் கம்பைச் செருகினேன். திறந்த வெளியில் நன்றாகத் தேய்க்கிறது. ஆனால் அலமாரிக்கு அடியில் போகமாட்டேன் என்கிறது. கம்பைத் தாழ்த்தினால் பலகையின் மறுபக்கம் எழும்பிவிடுகிறது. பியானோவுக்கு அடியில்தான் அந்த அம்மாளின் விரல் போகும்.

கம்பு சாய வேண்டும், பலகை படுத்தே இருக்க வேண்டும். ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் குதிரை லாயத்தில் கிடந்த பழைய சேணத்திலிருந்து ஒரு சாண் தோல் வாரை வெட்டி, கம்பையும் பலகையையும் அதனால் இணைத்தேன். கம்பு இப்போது எந்தப் பக்கமும் சாய்கிறது, பலகை அசையாமல் படுத்திருக்கிறது. என் முட்டி மடங்காமல் போனதால் கட்டைக்கு ஒரு முட்டி வைக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 22

பருத்தித் துணி உதவாது. தூசியைக் கூட்டித் தள்ளுகிறதே ஒழியப் பிடிப்பதில்லை. மினுக்கமும் வரவில்லை. கம்பளிதான் வேண்டும். நம் அறையில் பழைய கம்பளி ஒன்று மூலையில் கிடக்கிறதே, மழைக்குப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போவாளே வேலாயி, அதை வெட்டிவிட்டேன். பாதி போதும். கம்பளி சுற்றியதும் கட்டை தூசியைக் கவ்விக்கொண்டது. ஆகா!

மார்ச் 23

அது பழைய கம்பளி இல்லை. இந்த மாதம்தான் தோட்டத்தில் கொடுத்த புதுக் கம்பளி. பழையதைத் தலைக்கு வைத்துப் படுக்கிறேனாம் நான். இருட்டு அறையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

காலையில் சரியான மழை. கூலிகளை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகக் கம்பளியைத் தூக்கி உதறியிருக்கிறாள். கையில் பாதி. அந்தப் பாதியைத் தலையில் போட்டுக்கொண்டு போய், கூடை நிறையக் கொழுந்தும் உடம்பு நிறைய ஈரமுமாகத் திரும்பி வந்தாள். மலையில் எல்லாரும் கேட்டார்களாம். பங்களாத் தரைக்குக் குளிருதாம், அதுக்குப் போர்த்தியிருக்காரு அப்புன்னு சொன்னாளாம்.

மார்ச் 24

பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு தடவை தும்மினாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நான் படுக்கும் பழைய கம்பளியை அவளுக்கு எடுத்து வைத்தேன். கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். பொத்தான் குத்துகிறது.

மார்ச் 27

பேசினாள். பாராட்ட இல்லை. அழுக்குக் கம்பளியைப் பலகையிலிருந்து பிரிக்க நான் ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

“தலகாணிக்கு ஒற போடுறதில்ல? அந்த மாதிரி ரெண்டு தச்சு, நாடா வச்சு இழுத்துக் கட்டுனா ஆச்சு. தூசிக்கு ஒன்னு, மெழுகுக்கு ஒன்னு. கழட்டித் தொவைச்சுக்கலாம். இதுக்கெல்லாமா நாலாங் கிளாஸு படிக்கணும்?”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். இரண்டு உறையும் அவளே தைத்தாள்.

ஏப்ரல் 1, சனி

துரைசாணிக்குச் சாமான் வாங்கப் பதுளைக்குப் போனேன். கடைத்தெருவில் மொஹிதீன் நானாவின் கடையில் தேன்மெழுகு வாங்கினேன். மொனராகலைப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த மெழுகு, நல்ல வாசம். உருக்கி வடிச்சுத்தான் பாவிக்கணும் அப்பு, சும்மா பூசிப் போடாதீங்க என்றார் நானா. மெழுகைப் பற்றி எனக்கே சொல்கிறார்! தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3

எறும்பு.

வடிக்கவில்லை. மெழுகில் தேன் இருந்திருக்கிறது. காலையில் ஹாலைத் திறந்தால் வாசலிலிருந்து பியானோ வரை வரிசை கட்டி நிற்கின்றன. பெரட்டில் கூட இவ்வளவு ஒழுங்காக ஆள் நின்று நான் பார்த்ததில்லை. துரைசாணி நாற்காலிமேல் ஏறிக்கொண்டு அங்கிருந்து என்னவோ சொன்னார். எனக்குப் புரியாத இங்கிலீஷ். நல்லவேளை, புரியவில்லை.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். மீதி மெழுகை உருக்கி, நானா சொன்னபடியே துணியில் வடித்தேன்.

ஏப்ரல் 5

மினுக்கம் வந்துவிட்டது! முதலில் தூசி உறை, பிறகு மெழுகு உறை. ஹால், சாப்பாட்டு அறை, இரண்டு படுக்கை அறை எல்லாம் காப்பி வேளைக்குள் முடிந்தது. முன்பு அதற்கு ஒரு நாள் பிடிக்கும். முட்டி தரையைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தேன், என் மீசை தரையில் தெரிந்தது. நரை கூடத் தெரிந்தது. துரைசாணி பியானோவுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஏப்ரல் 7

மழை என்று துரை சீக்கிரம் திரும்பிவிட்டார். நான் ஹாலில் கட்டையை ஓட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். ஏதோ முணுமுணுத்துப் பாடினேன் என்று நினைக்கிறேன். திரும்பினால் வாசலில் நிற்கிறார், தண்ணீர் சொட்டச் சொட்ட.

“என்ன அப்பு? சும்மா உலாத்துது?”

வேலை செய்கிறேன் துரை என்றேன். கட்டையைக் காட்டினேன், தரையைக் காட்டினேன். அவர் தரையைப் பார்க்கவில்லை. என் முதுகைத்தான் பார்த்தார்.

“நிக்கிற ஆள் வேலை செய்ற ஆள் இல்லே. குனி. மண்டி போடு.”

ஏப்ரல் 8

கட்டை நல்லாத்தான் இருக்கு. தரை நல்லாத்தான் இருக்கு. நான் நிக்கிறதுதான் குத்தமாம். மண்டி போட்டா முட்டி போயிரும், முட்டி போனா தரை போயிரும், தரை போனா கொழும்பு அப்பு வந்துருவான். நின்னாலும் போச்சு, மண்டி போட்டாலும் போச்சு. என்னதான் செய்யச் சொல்றாரு இந்த மனுசன்?

இதையெல்லாம் வேலாயியிடம் கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“மலையில நிமிந்தாக் கூடக் கங்காணி சத்தம் போடும். அதுவும் என் கூடப் பொறந்தவன். தொர மேட்டுல நின்னு பாக்கும்போது முதுகுதான் தெரியணும், மூஞ்சி தெரியக்கூடாது. இருவது வருசமாக் குனிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுதா?”

தினமும் காலையில் கண்ணாடி ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்க்கிறவன் நான். அங்கே குனிந்திருக்கிற முதுகுகளில் ஒன்று இவளுடையது என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறேனா? இல்லை.

ஏப்ரல் 9

கம்பைப் பாதியாக அறுத்துவிட்டேன். இப்போது கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவன்போல மடங்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது. துரை பார்த்தார். “இப்போ சரி. இது வேலை” என்றார்.

முட்டி பிழைத்தது. இடுப்பு செத்தது. வேலை இரட்டிப்பு நேரம் பிடிக்கிறது. ஹாலோடு நின்றுபோனேன், சாப்பாட்டு அறைக்குப் போக உடம்பில் தெம்பில்லை. இன்னும் பதினொரு நாள்.

ஏப்ரல் 11

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

நேற்று துரைசாணி பூப்பாத்தியில் தாமே மண் கொத்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். துரை வந்து சத்தம் போட்டார். கூலிகள் பார்க்க துரைசாணி மண்ணைத் தொடக்கூடாதாம். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சாப்பிடவில்லை.

இன்று காலை துரை குதிரை ஏறிப் போனதும் ஹாலுக்கு வந்தார். நான் மடங்கிக்கிடந்தேன். கட்டையை என் கையிலிருந்து வாங்கி, அவரே குனிந்து இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மீதிக் கம்பு எங்கே என்று கையால் கேட்டார். அறுத்தாயிற்று என்று கையால் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாமான் அறைக்குப் போய், துரை போன வருஷம் நுவரெலியாவில் மீன் பிடிக்கப் போய் உடைத்துக்கொண்டு வந்த தூண்டில் கம்பை எடுத்து வந்தார். அது துண்டு துண்டாகக் கழலுகிற கம்பு, பொருத்துகிற இடத்தில் பித்தளைக் குழாய். என் கண்ணுக்கு முன்னால் கழற்றினார், பொருத்தினார். கழற்றினார், பொருத்தினார். பிறகு என் கட்டையைத் தொட்டுக் காட்டி, துரை போன பாதையையும் காட்டினார்.

துரை இல்லாதபோது நீளம், வந்தால் குட்டை! எனக்கும் இந்த யோசனை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவருடையது முதலில் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரல் 13, வியாழன்

வருஷப்பிறப்பு. மலைக்கு லீவு. அழகர் பலகாரத்தோடு வந்தான், நான் பித்தளைக் குழாயில் கம்பைப் பொருத்த முடியாமல் திண்டாடுவதைப் பார்த்தான். கத்தியை வாங்கி இரண்டே இழைப்பில் சரியாக்கிவிட்டான். செய்கிறவன் கை தனிதான். கட்டை குட்டையாகி நீளமாவதை அவனுக்குக் காட்டினேன். எதற்கு என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்று அவனுக்கு என் நாற்காலியைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16

ஏற்பாடு இப்படி: துரை போனதும் நீளக் கம்பு. குதிரை வளைவில் திரும்புவது ஜன்னலில் தெரிந்ததும் துரைசாணி பியானோ வாசிப்பார். நான் மேல் கம்பைக் கழற்றித் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு மடங்கிக்கொள்வேன். இன்று முதல் தடவை. துரை உள்ளே வந்தபோது நான் மடங்கிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ரொம்ப திருப்தி அவருக்கு.

ஏப்ரல் 17

பியானோ கேட்டது, குனிந்தேன். பியானோ நிற்கவே இல்லை. அரை மணி நேரம் குனிந்தபடி ஒரே இடத்தைத் தேய்த்தேன். துரை வரவே இல்லை. துரைசாணிக்குச் சும்மா வாசிக்க வேண்டும் போல் இருந்திருக்கிறது.

இனிமேல் இதற்கென்று ஒரே ஒரு பாட்டு. கோழி கொத்துகிறதுபோல டொக்டொக்கென்று வரும்.

ஏப்ரல் 20, வியாழன்

பெரிய துரையும் அவர் பெண்சாதியும் வந்தார்கள். அந்த அம்மாள் ஹாலுக்குள் காலை வைத்ததும் கீழே பார்த்தார், நின்றார், தொப்பிக்கு வெளியே வந்த முடியைத் தரையைப் பார்த்தே சரிசெய்துகொண்டார்! அலமாரிக்கு அடியில் கைத்தடியை விட்டுப் பார்த்தார் பெரிய துரை. ஒரு தூசி இல்லை. இது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நம் துரைக்கு மார்பு விரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் குட்டைக் கட்டையை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். ஆள் குனிந்தால்தான் மினுக்கம் வரும், அதற்காகவே இந்த அளவு என்று விளக்கினார் போலிருக்கிறது. தம் முதுகை வளைத்துக் காட்டிப் பேசினார். பெரிய துரை தலையை ஆட்டினார். துரைசாணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருமல் வந்ததாகச் சொன்னார்.

கொழும்பு அப்பு வர வேண்டாமென்று சாயங்காலமே கடிதம் போயிற்று. தபால் பைக்குள் என் கையாலேயே போட்டேன்.

ஏப்ரல் 21

பத்து மணி வரை தூங்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒருவரும் எழுப்பவில்லை.

ஏப்ரல் 30

துரை பதுளைக் கிளப்பில் பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறார். அப்புத்தளைப் பக்கம் வரைக்கும் ஆறு பங்களாக்களுக்கு என் கட்டை வேண்டுமாம். குதிரைச் சவுக்கை வைத்துத் தாமே அளந்து காட்டினார். இந்த நீளத்துக்கு மேல் ஓர் அங்குலம் இருக்கக்கூடாது என்று உத்தரவு.

மே 8

அப்புத்தளைப் பங்களாவின் அப்பு, அவருடைய துரையின் கடிதத்தோடு மாட்டு வண்டியில் வந்தார். என்னைவிட மூத்தவர். வெள்ளைக் கோட்டு, நடையில் ஒரு சாய்வு. பார்த்த உடனே தெரிந்தது, இடது முட்டி. குசினியில் தேநீர் கொடுத்தேன். கட்டையைக் கையில் எடுத்து, கம்பின் மேல் நுனியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“தம்பி, கம்பு இங்கனயே முடியுதுன்னா அப்புறம் எதுக்கு இந்தப் பித்தளை?”

முன் பக்கம் எட்டிப் பார்த்தேன். துரை மலையில் இருந்தார். மேல் கம்பை எடுத்து வந்து பொருத்தி அவர் கையில் கொடுத்தேன். அவர் குசினிக்குள்ளேயே அடுப்படியிலிருந்து கதவு வரை ஒரு நடை ஓட்டினார். நின்றபடி. திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மே 14

மொஹிதீன் நானாவிடம் ஆறு ஜோடிப் பித்தளைக் குழாய் செய்யச் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. அப்புத்தளை அப்புவும் இதையேதான் கேட்டார், பண்டாரவளை அப்புவும் கேட்டார், எல்லாருக்கும் முட்டிதான் போல என்று மட்டும் சொன்னார். யார் போய்ச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

மே 27, சனி

கட்டைகள் இன்று போய்விட்டன. ஆறு குட்டைக் கட்டைகளை முன்வாசலில் அடுக்கினேன். துரை சவுக்கை வைத்து ஒவ்வொன்றையும் அளந்து, எல்லாம் சரி என்று வண்டியில் ஏற்றச் சொன்னார். மேல் கம்பு ஆறையும் வேலாயியும் அழகரும் விடியற்காலையிலேயே விறகுக் கட்டுக்குள் வைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டு போய், வளைவில் காத்திருந்து, அதே வண்டி அங்கே வந்ததும் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டார்கள்.